ஒப்பந்தப் பணியாளர் பற்றிய சுவரோவியம்: 24 மாணவர்கள், 3 கலைஞர்கள், 15 வாரம். எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி (பதிவு: வளாகச்சுவர்)

வணக்கம். பல்கலைக்கழகத்தில் நுண்கலை, சமூகவியல் இரண்டு துறை மாணவர்களும் சேர்ந்து எடுக்கும் ஒரு பருவப் பாடம் இது. மாணவர்கள் 24 பேர். பாதிப் பேர் தூரிகை பிடித்ததில்லை. வெளியிலிருந்து மூன்று உள்ளூர்க் கலைஞர்கள் வருகிறார்கள்: சுவரோவியம் தீட்டுபவர் ஒருவர், அச்சோவியர் ஒருவர், நாடகக்காரர் ஒருவர். எடுத்துக்கொண்ட பொருள், வளாகத்தில் ஒப்பந்தத்தின் பேரில் துப்புரவு, காவல், சமையற்கூட வேலை பார்ப்பவர்களின் கூலியும் வேலை நேரமும்.

நிர்வாகம் ஒரு சுவர் தருவதாகச் சொல்லியிருக்கிறது. 12 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், சிமெண்ட் பூச்சு. மேல் ஓரத்தில் நீர்க்கறை தெரிகிறது, ஒரு பக்கம் வெள்ளையாக உப்பும் பூத்திருக்கிறது.

தெரிய வேண்டியவை: சுவரை எப்படித் தயார் செய்வது, எவ்வளவு வண்ணம் பிடிக்கும்? வரையத் தெரியாதவர்களையும் பணியாளர்களையும் வெறும் பார்வையாளர்களாக நிறுத்தாமல் எப்படி உள்ளே கொண்டுவருவது? பணியாளர்களின் முகத்தை வரையலாமா? கலைஞர்களுக்குக் கூலி, பெயர், உரிமை இவற்றை எப்படி எழுதிக்கொள்வது? "ஆர்வமாகச் செய்யுங்கள், எல்லாம் நன்றாக வரும்" வகைப் பதில் வேண்டாம், செய்முறை வேண்டும்.

மறுமொழி 1 (பதிவு: காரைப்பூச்சு)

நீர்க்கறை எங்கிருந்து வருகிறது என்று தெரியும்வரை ஒரு டப்பா வண்ணம்கூட வாங்காதீர்கள். மேல் ஓரத்தில் மட்டும் கறை என்றால் பெரும்பாலும் கைப்பிடிச் சுவரின் மேல்மட்ட வெடிப்பு, அல்லது மழைநீர்க் குழாய் ஒழுகல். அடியில் முழங்கால் உயரத்துக்குக் கறை ஏறியிருந்தால் தரை ஓதம், அதாவது மண்ணிலிருந்து சுவருக்குள் ஏறும் ஈரம். முதல் வகையைச் சரிசெய்துவிடலாம். இரண்டாவது என்றால் வேறு சுவர் கேளுங்கள்.

சோதனை எளிது. 45 செ.மீ. சதுரத்தில் தெளிவான பிளாஸ்டிக் தாளை நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டி, 16 மணி நேரமாவது விட்டுவிடுங்கள். உள்பக்கம் நீர் முத்து கோத்திருந்தாலோ, அந்த இடத்தில் பூச்சு கறுத்திருந்தாலோ சுவர் இன்னும் காயவில்லை. கறை இருக்கும் இடத்தில் இரண்டு, நல்ல இடத்தில் ஒன்று என்று ஒட்டினால்தான் ஒப்பிட முடியும்.

உப்பை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. கரைந்த உப்பு மறுபடி பூச்சுக்குள்ளேயே போய், ஒரு மாதம் கழித்து வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். முதலில் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி அள்ளிவிட்டு, அதன் பிறகு ஈரத்துணி. வெடிப்பை அடைக்கப் புதுப் பூச்சு போட்டால் 28 நாள் ஆற விடுங்கள். புதுச் சிமெண்டின் காரத்தன்மை சில சிவப்பு, நீல நிறமிகளைத் தின்றுவிடும். காரத்தை அளக்கும் பிஎச் தாளைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்துச் சுவரில் ஒற்றிப் பாருங்கள். 10-க்கு மேல் காட்டினால் காரத்தைத் தாங்கும் பிரைமர் (வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) கட்டாயம்.

கணக்கு: பரப்பு 36 சதுர மீட்டர். சொரசொரப்பான பூச்சில் ஒரு லிட்டர் 6 அல்லது 7 சதுர மீட்டர்தான் ஓடும், டப்பாவில் போட்டிருக்கும் கணக்கை நம்பவேண்டாம். பிரைமர் ஒரு தடவை அடிக்க 6 லிட்டர். வண்ணம் இரண்டு தடவை அடிக்க மொத்தம் 11, 12 லிட்டர். அதில் 4 லிட்டர் வெள்ளை. பாதி நிறங்கள் வெள்ளையில் கலந்துதான் வரும். வெளிச்சுவருக்கான முழு அக்ரிலிக் வண்ணமாக வாங்குங்கள். டப்பாவில் நிறமி எண் இருக்கும்: சிவப்புக்கு பி.ஆர். 101, மஞ்சளுக்கு பி.ஒய். 42, நீலத்துக்கு பி.பி. 15, பச்சைக்கு பி.ஜி. 7. இந்த நான்கும் வெயிலுக்கு அசையாது. ஒளிரும் இளஞ்சிவப்பும் ஒளிரும் ஆரஞ்சும் பார்க்க ஜோராக இருக்கும், ஒரு கோடையைத் தாண்டாது. தண்ணீர் அதிகம் கலந்தால் வண்ணத்தின் பசை நீர்த்து, விரலால் தேய்த்தாலே தூளாக வரும். வெயில் நேராக விழும் நேரத்தில் தீட்டினால் பக்கத்துப் பட்டையோடு சேரும் முன்பே காய்ந்து கோடு விழும். காலையில் மேற்குச் சுவர், மாலையில் கிழக்குச் சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வரையத் தெரியாதவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். கட்டம் போட்டுப் பெரிதாக்குவது ஒரு வழி: படத்தை 120 × 30 செ.மீ. தாளில் வரைந்து 5 செ.மீ. கட்டம் போட்டால், சுவரில் 50 செ.மீ. கட்டங்கள் 144 கிடைக்கும். தூக்குக்குண்டு, ரசமட்டம் இரண்டையும் வைத்துச் சுவரின் நடுவிலிருந்து நூல் அடியுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் சுவரின் கோணல் கடைசிக் கட்டத்தில் 10 செ.மீ. பிழையாக வந்து நிற்கும்.

உங்கள் ஆட்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி துணி முறை. பிலடெல்பியாவில் 1984-ல் தொடங்கிய சுவரோவியத் திட்டம் இதைத்தான் பெரிய அளவில் பயன்படுத்துகிறது. சிறைக்குள் இருப்பவர்கள்கூட ஊர்ச் சுவருக்குத் தீட்ட முடிவது இதனால்தான். நெய்யாத மெல்லிய செயற்கைத் துணியை 1.5 மீட்டர் சதுரங்களாக வெட்டினால் உங்கள் சுவருக்கு 16 துண்டு வரும். படத்தின் கோடுகளை அதில் இறக்கி, ஒவ்வொரு பகுதிக்கும் வண்ண எண் எழுதிவிட்டால், மேசையில் உட்கார்ந்து யார் வேண்டுமானாலும் நிரப்பலாம். இரவு வேலை முடிந்து வரும் துப்புரவுப் பணியாளர் சாரம் ஏற வேண்டியதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அரை மணி நேரம் தீட்டிவிட்டுப் போகலாம்.

இதில் கெடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: 7-ஆம் எண் வண்ணம் தீர்ந்துபோய், வேறொருவர் புதிதாகக் கலப்பார். சுவரில் ஒட்டிய பிறகு முகத்தில் பாதி ஒரு பழுப்பு, பாதி வேறு பழுப்பு. ஒவ்வொரு எண்ணுக்கும் தேவையைவிடக் கால் பங்கு கூடுதலாக ஒரே தடவையில் கலந்து, மூடியின் மேல் ஒரு பொட்டு வைத்துக் காயவிடுங்கள். ஈர நிறத்தை வைத்து ஒப்பிடக் கூடாது, அக்ரிலிக் காய்ந்தால் ஒரு சாயல் அடர்ந்துவிடும்.

ஒட்டும்போது கெட்டியான அக்ரிலிக் ஜெல்லைச் சுவரிலும் துணியின் பின்புறமும் பூசி, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஸ்குவீஜியால் (ரப்பர் விளிம்புத் தகடு) தள்ளிக் காற்றை வெளியேற்றுங்கள். ஓரத்தில் விரல் அகலம் காற்று நின்றாலும் அங்கிருந்துதான் உரிய ஆரம்பிக்கும். ஓதம் இருக்கும் சுவரில் துணி முறை வேண்டவே வேண்டாம், முழுத் துண்டாகக் கழன்று தொங்கும்.

மறுமொழி 2 (பதிவு: மைத்தடம்)

காரைப்பூச்சு சொன்னதில் தொழில்நுட்பக் குறை எதுவும் இல்லை. ஆனால் முதல் வாரத்திலேயே சுவரைப் பேச ஆரம்பித்தால், 15 வாரமும் ஒரே படத்துக்கான சண்டையிலும் ஒரே அனுமதிக்கான காத்திருப்பிலும் போய்விடும். அச்சிலிருந்து தொடங்குங்கள். 24 பேர் 24 படம் போட்டால் எது பேசுகிறது, எது வெறும் அனுதாபம் என்று சுவரில் வரிசையாக மாட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

1968 மே மாதம் பாரிஸ் நுண்கலைக் கல்லூரியை மாணவர்கள் கைப்பற்றியபோது முதலில் கல்லச்சில்தான் சுவரொட்டி போட்டார்கள். வேகம் போதாமல் உடனே பட்டுத்திரை அச்சுக்கு (இழைத் திரை வழியாக மையைத் தாளில் இறக்கும் முறை) மாறினார்கள். அங்கே எந்தப் படத்துக்கும் தனிநபர் கையெழுத்து கிடையாது. பொதுக்கூட்டத்தில் வைத்து, சொல்ல வந்தது சரியா, படம் அதைச் சொல்கிறதா என்று பேசி வாக்கெடுத்த பிறகே அச்சுக்குப் போகும். அந்த இரண்டு கேள்வியையும் உங்கள் வகுப்பில் அப்படியே வையுங்கள். வாக்களிப்பவர்களில் பாதிப் பேர் பணியாளர்களாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அழகான படம் ஜெயிக்கும், சரியான படம் தோற்கும்.

லினோ (உளியால் செதுக்கி அச்செடுக்கும் மெத்தென்ற தகடு) செய்முறை: 3.2 மி.மீ. கனமுள்ள லினோ, 15 × 20 செ.மீ. துண்டு. குளிர்ந்து விறைத்திருந்தால் வெயிலில் கொஞ்சம் வைத்தெடுங்கள், உளி வெண்ணெயில் போவதுபோல் போகும். உளியைப் பிடிக்காத கை எப்போதும் உளிக்குப் பின்னால்தான். கையில் குத்துவது பெரும்பாலும் மொட்டை உளிதான். அழுத்தி வெட்டும்போது வழுக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உளியைத் தோல் பட்டையில் தீட்டச் சொல்லுங்கள்.

தமிழ் எழுத்து வெட்டும்போது வரும் சிக்கலைத் தனியாகச் சொல்ல வேண்டும். தாளில் 6பி பென்சிலால் எழுதி, கவிழ்த்து வைத்துத் தேய்த்தால் எழுத்து தானாக இடவலம் திரும்பி லினோவில் இறங்கும். மனதுக்குள் திருப்பி நேராக லினோவில் எழுதப் பார்ப்பவர்கள் கட்டாயம் கொம்பையும் துணைக்காலையும் இடம் மாற்றிவிடுவார்கள். "ண"வுக்கு ஒரு சுழி குறைந்து "ன" ஆகிவிடும். வெட்டும் முன் கைபேசியில் படமெடுத்து இடவலம் திருப்பிப் படித்துப் பாருங்கள், எழுதாத வேறொருவரைப் படிக்கச் சொல்வது இன்னும் நல்லது. சுழியின் உள்வட்டம் 2 மி.மீ.க்குக் கீழே போனால் மை அடைத்துக் கறுப்புப் பொட்டாகிவிடும். ஆகவே எழுத்து உயரம் குறைந்தது 2.5 செ.மீ. அதற்கு இடமில்லை என்றால் வாசகத்தைக் குறையுங்கள், எழுத்தைக் குறைக்காதீர்கள்.

மை: தண்ணீரில் கரையும் மை வெப்பமான அறையில் கண்ணாடித் தட்டிலேயே ஐந்தாறு நிமிடத்தில் காய்ந்துவிடும், கடைசிப் பிரதிகள் வெளிறிப் புள்ளி புள்ளியாக வரும். எண்ணெய் மை நிதானமாகக் காயும். தொங்கவிட இடமும் இரண்டு மூன்று நாளும் வேண்டும். உருளையில் மை சரியான அளவில் இருந்தால் மெல்லிய "சர்" சத்தம் கேட்கும். சளசளவென்று ஒட்டிக்கொண்டு வந்தால் மை அதிகம். அச்சு இயந்திரம் தேவையில்லை, மரக்கரண்டியின் முதுகால் வட்டமாகத் தேய்த்தாலே போதும். ஓரங்களில்தான் எல்லோரும் கைவிடுவார்கள்.

வெகுவாகப் பிரதி வேண்டுமென்றால் தேர்ந்த நான்கைந்து படத்தைத் திரை அச்சுக்குக் கொண்டுபோங்கள். காகிதத்துக்கு செ.மீ.க்கு 77 இழை உள்ள திரை, துணிக்கு 43 இழை உள்ள திரை. திரைக்கும் தாளுக்கும் நடுவே 2, 3 மி.மீ. இடைவெளி இல்லாவிட்டால் தாள் திரையோடு ஒட்டிக்கொண்டு விளிம்பு கலங்கும்.

மறுமொழி 3 (பதிவு: ஒப்புதல்தாள்)

சுவர் தருபவரும் கூலி குறைவாகத் தருவதாகப் படம் சொல்லப்போகிறவரும் ஒரே ஆள். அதைக் கணக்கில் எடுக்காமல் மேலே போகாதீர்கள்.

முகம் பற்றி: ஒப்பந்தப் பணியாளரை வேலையிலிருந்து எடுக்கக் காரணம் சொல்லக்கூடத் தேவையில்லாத இடங்கள் நிறைய. எனவே முகத்தை மறைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். கையில் குத்திய பச்சை, தழும்பு, சீருடை நிறம், "மூன்றாம் மாடி இரவு நேரம்" என்ற ஒரு வரி, ஏன், செருப்பு வார் கூட ஆளைக் காட்டிக்கொடுக்கும். மேற்பார்வையாளருக்கு அந்த நேரத்தில் அந்த மாடியில் யார் என்பது தெரியும். பலருடைய விவரங்களைக் கலந்து ஒரு உருவமாக ஆக்குங்கள். முகத்தோடு வரத்தான் விருப்பம் என்று ஒருவர் சொன்னால் தடுக்கவும் வேண்டாம், அதுவும் அவர் உரிமை.

ஒப்புதலை இரண்டு முறை வாங்குங்கள். பேசும்போது ஒன்று. அவர் சொன்னது படமாகி முடிந்தபின், அதைக் கண்ணால் பார்த்த பிறகு இன்னொன்று. முதல் கையெழுத்தை வைத்துக்கொண்டு கடைசிவரை ஓட்டுவதில்தான் மனக்கசப்பு வரும். எந்தத் தேதிவரை விலகலாம் என்பதைத் தாளிலேயே எழுதுங்கள்: துணி ஒட்டும் நாளுக்கு, அச்சு ஏறும் நாளுக்கு முந்தைய வாரம். படிக்கத் தெரியாதவருக்கு அவர் நம்பும் ஒருவர் படித்துக் காட்ட வேண்டும், மாணவர் அல்ல. ஒலிப்பதிவுகளைப் பல்கலைக்கழக மின்னஞ்சல் கணக்கிலோ அதன் சேமிப்பிடத்திலோ வைக்காதீர்கள். எழுத்தாக்கி, பெயர் நீக்கி, மூலத்தை அழிக்கும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சுவர் பற்றி நிர்வாகத்தோடு ஒரு பக்கக் கடிதம் போதும். அதில் இருக்க வேண்டியவை: படம் குறைந்தபட்சம் எத்தனை ஆண்டு இருக்கும், இறுதி வரைவை யார் எத்தனை நாளில் பார்த்துச் சொல்வார்கள், பதில் வராவிட்டால் அனுமதித்ததாக எடுத்துக்கொள்ளலாமா, அழிப்பதானால் 90 நாள் முன்னறிவிப்பு, பராமரிப்பு யார் பொறுப்பு. "கண்ணியமான உள்ளடக்கம்" மாதிரி வழவழ வாசகம் இருந்தால் அடித்துவிட்டுத் திட்டவட்டமாக எழுதச் சொல்லுங்கள்.

நியூயார்க்கில் 5பாயின்ட்ஸ் கட்டடத்தின் ஓவியங்களை அதன் உரிமையாளர் 2013 நவம்பரில் ஓர் இரவில் வெள்ளை அடித்துவிட்டார். 2018-ல் நீதிமன்றம் 21 கலைஞர்களுக்கு 67.5 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது, 2020-ல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. அந்த நாட்டில் 1990-ல் வந்த தனிச் சட்டம் கைகொடுத்தது. பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின் 6-பிஸ் பிரிவு படைத்தவரின் பெயருரிமையையும் சிதைக்காமல் காக்கும் உரிமையையும் ஒப்புக்கொள்கிறது. ஆனால் சுவரை முழுக்க அழிப்பதும் அதில் அடங்குமா என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். அதனால்தான் கடிதம்.

பணம். கலைஞர் கூலியை 40, 40, 20 சதவீதமாகப் பிரியுங்கள்: கையெழுத்தானதும், வரைவு முடிந்ததும், பணி முடிந்ததும். கல்வி நிறுவனங்களில் பில் பாஸாக மாதக்கணக்கில் ஆகும், ஆகவே வண்ணம், துணி, மை எதையும் கலைஞர் தன் காசில் வாங்கி அப்புறம் பில் வைப்பது என்ற ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். பணியாளர்கள் உட்காரும் மணிக்கும் கூலி உண்டு. குறைந்த கூலியைப் பற்றிய படத்துக்கு இலவச உழைப்பு கேட்பது கேலிக்கூத்து. லாஸ் ஏஞ்சலீஸ் வெள்ளக் கால்வாயில் ஜூடி பாக்கா 1976 முதல் 1983 வரை ஐந்து கோடைகளில் தீட்டுவித்த 840 மீட்டர்ச் சுவரில் 400-க்கும் மேற்பட்ட இளைஞர்கள் வேலை செய்தார்கள். அவர்களுக்கு அது கோடைக்கால வேலையாகவே கொடுக்கப்பட்டது.

மதிப்பெண்ணைப் படத்தின் அழகுக்குப் போடாதீர்கள். போட்டால் மாணவர்கள் உருக்கமான கதையைத் தேடி அலைவார்கள்.

கேட்டவர் (வளாகச்சுவர்)

மூவருக்கும் நன்றி. பிளாஸ்டிக் தாள் சோதனையில் மேல் பக்கம் இரண்டிலும் நீர் கோத்திருந்தது, மழைநீர்க் குழாய் உடைந்திருக்கிறது. மாற்றிப் பூசிக் கொடுக்க 2 வாரம், ஆற 28 நாள், ஆக 6 வாரம் சுவரைத் தொட முடியாது. நிர்வாகம் "வாசகம் எதுவும் வேண்டாம், படம் மட்டும்" என்கிறது. இந்த 6 வாரத்தில் அச்சு போக வேறு என்ன செய்யலாம்? நாடகக்காரரை எங்கே சேர்ப்பது?

மறுமொழி 4 (பதிவு: நடுவாள்)

நாடகக்காரரை முதல் வாரத்துலயே சேர்த்திருக்கணும். படத்துக்கான விஷயம் கிடைக்கிறதே அங்கதான். பேட்டி எடுத்தா ஆளுங்க நாம கேட்க விரும்புறதைச் சொல்வாங்க, காட்சியா நடிச்சுக் காட்டினா "அப்படி இல்லை, அவன் உட்கார்ந்துக்கிட்டுதான் பேசுவான், நாங்க நிப்போம்"னு திருத்துவாங்க. அந்தத் திருத்தம்தான் சுவருக்குப் போக வேண்டியது.

பிரேசில் நாடகக்காரர் அகஸ்தோ போவால் 1970-கள்ல உருவாக்கின மன்ற அரங்கு முறையை எடுத்துக்குங்க. 10, 12 நிமிஷக் காட்சி ஒண்ணு. சம்பளத்துல பிடித்தம் போயிருக்கு, ஏன்னு கேட்கிறார், பதில் கிடைக்கலை, தோத்துப்போறார். தோல்வியிலதான் முடியணும். ஒருதரம் முழுசா ஓட்டுங்க. ரெண்டாம் தரம் ஓட்டும்போது பார்க்கிறவங்க யாராவது "நிறுத்து"ன்னு சொல்லி, மேடைக்கு வந்து அந்தப் பணியாளர் இடத்துல நின்னு வேற மாதிரி செஞ்சு பார்க்கலாம். மத்த நடிகர்கள் விட்டுக்கொடுக்காம எதிர்த்து நிக்கணும்.

கெடுற இடங்கள் மூணு. முதல்ல, மேற்பார்வையாளர் பாத்திரத்தை மாத்தி அவரை நல்லவராக்குறது. அது நடக்காத காரியம், போவால் இதை "மந்திரம்"னு சொல்லுவார், அனுமதிக்காதீங்க. அடுத்து, வில்லனை மீசை முறுக்குற கொடுமைக்காரனா நடிக்கிறது. நிஜத்துல அவர் சிரிச்சுக்கிட்டே "மேலிடத்துல கேட்கிறேன்"னு சொல்றவர், அப்படி நடிச்சாதான் என்ன செய்யலாம்னு யோசிக்க வைக்கும். மூணாவது, யாருமே எழுந்திருக்க மாட்டாங்க. தொடங்குறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் எல்லாரையும் நிக்க வெச்சு உடம்பு அசையுற விளையாட்டு நடத்தினா பாதித் தயக்கம் போயிடும். அப்பவும் வரலைன்னா, பக்கத்துல இருக்கிறவரோட ரெண்டு நிமிஷம் பேசச் சொல்லிட்டுக் கேளுங்க.

வாசகம் வேணாம்னு சொன்னது ஒரு வகையில நல்லதுக்குத்தான். சம்பளச் சீட்டு, கையெழுத்துப் பதிவேடு, வருகைக் கடிகாரம் இதையெல்லாம் பெரிசா வரைங்க. அதுல இருக்கிற எண்ணெல்லாம் வாசகம் ஆகாதே. ஆனா ஒரு ஆளோட நிஜச் சீட்டுல இருக்கிற தொகையைப் போட்டுடாதீங்க.

மறுமொழி 5 (பதிவு: காரைப்பூச்சு)

அட்டவணை இப்படி வரும். 1 முதல் 4-ஆம் வாரம்வரை நாடகமும் லினோவும், 5-ல் வாக்கெடுப்பு, 6-ல் வரைவு நிர்வாகத்துக்கு. 7 முதல் 11 வரை துணியில் தீட்டுங்கள், சுவர் ஆறாவிட்டாலும் உள்ளே வேலை நடக்கும். 11-ல் பிளாஸ்டிக் தாள் சோதனை மறுபடியும், காய்ந்திருந்தால் பிரைமர். 12, 13-ல் ஒட்டுங்கள். 3 மீட்டருக்கு ஏணி வேண்டாம், இரண்டு பேர் நிற்கும் தாழ்வான சாரம் போடுங்கள். ஏணியில் நின்று பக்கவாட்டில் எட்டும்போதுதான் விழுவார்கள்.

மேல்பூச்சு வார்னிஷை அக்ரிலிக் காய்ந்து 2, 3 வாரம் ஆகாமல் அடித்தால் பால்போல் மங்கிவிடும். உங்களுக்கு அது பருவம் முடிந்து மாணவர்கள் ஊருக்குப் போன பிறகுதான் வரும். யார் அடிப்பது, அந்த ஒரு நாள் கூலி யார் தருவது என்பதையும் ஒப்புதல்தாள் சொன்ன கடிதத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

மறுமொழி 6 (பதிவு: நடுவாள்)

ஒண்ணு விட்டுப்போச்சு. மன்ற அரங்கை நடத்துறவரா பேராசிரியரை நிறுத்தாதீங்க, நிர்வாக ஆட்களை அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடாதீங்க. பணியாளர்கள் மட்டும் பார்க்கிற ஒரு தடவை முதல்ல நடக்கட்டும். வெளியாருக்குக் காட்டலாமா வேணாமான்னு அவங்களே சொல்லட்டும்.